கால்பந்துப் பந்தயத்தில் 'டபுள் சான்ஸ்' ரிஸ்க் குறைவானது என்கிறார்களே, உண்மையா?

அடிக்கடி தோற்க மாட்டீர்கள் என்பது உண்மை. அதனால் காசு மிஞ்சும் என்று நினைத்தால்தான் சிக்கல்.

ஒரு ஆட்டத்துக்கு மூன்று முடிவுகள்: முதலில் பெயர் வரும் அணி ஜெயிக்கலாம், டிரா ஆகலாம், எதிரணி ஜெயிக்கலாம். இதில் ஏதாவது இரண்டை ஒரே பந்தயமாகப் பிடிப்பதுதான் டபுள் சான்ஸ். 'ஒன் எக்ஸ்' என்றால் முதல் அணி தோற்காமல் இருந்தால் போதும். 'எக்ஸ் டூ' எதிரணிக்கு அதே மாதிரி. 'ஒன் டூ' என்றால் டிரா மட்டும் ஆகக்கூடாது.

முதல் அணிக்கு 2.00, டிராவுக்கு 3.40, எதிரணிக்கு 4.00 ஆட்ஸ் (ஒரு ரூபாய் போட்டு ஜெயித்தால் போட்டதையும் சேர்த்துத் திரும்பக் கிடைப்பது) என்று வையுங்கள். ஒன்றை ஒவ்வொன்றாலும் வகுத்தால் அந்த ஆட்ஸ் சொல்லும் வாய்ப்பு வரும்: 50, 29.4, 25 சதவீதம். கூட்டினால் 104.4 வருகிறது, நூறுக்கு மேல் இருப்பது பந்தயம் நடத்துபவரின் லாபம். இந்த ஆட்டத்தில் 'ஒன் எக்ஸ்' ஏறக்குறைய 1.25 இருக்கும். 100 போட்டால் லாபம் 25தான். ஒரு தோல்வி நான்கு வெற்றிகளைத் தின்றுவிடும். கையைக் கடிக்காமல் இருக்கவே ஐந்தில் நான்கு, அதாவது 80 சதவீதம் ஜெயிக்க வேண்டும். பந்தயம் நடத்துபவரின் லாபத்தைக் கழித்துப் பார்த்தால் வாய்ப்பு சுமார் 76 சதவீதம்தான்.

லாபம் சில்லறையாக இருக்கிறதே என்று நான்கைந்தை ஒரே பந்தயமாகக் கோக்கத் தோன்றும், அதில் ஒன்று தப்பினாலும் மொத்தமும் போச்சு. நானும் கோத்தேன். 2022 உலகக் கோப்பை, நவம்பர் 22: அர்ஜென்டினா, டென்மார்க், மெக்சிகோ, பிரான்ஸ், நான்கும் தோற்காது என்று. டென்மார்க்கும் மெக்சிகோவும் 0-0 டிரா, பிரான்ஸ் 4-1 வெற்றி. மூன்றும் வந்துவிட்டன. ஆனால் 36 ஆட்டங்களாகத் தோற்காத அர்ஜென்டினா அன்றைக்கென்று பார்த்து சவூதியிடம் 1-2. அந்த நாளின் முதல் ஆட்டமே அதுதான், மீதியை வயிற்றெரிச்சலோடு பார்த்தேன்!

இன்னொன்று, வழக்கமாக 90 நிமிடமும் இஞ்சுரி டைமும்தான் கணக்கு. அதே உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் கோப்பை அர்ஜென்டினாவுக்குத்தான், ஆனால் 90 நிமிட முடிவில் 2-2. எக்ஸ்ட்ரா டைமும் பெனால்டியும் சேராது என்பதால் 'ஒன் டூ' போட்டவர்களுக்குப் பணம் போச்சு.

'டிரா நோ பெட்' டபுள் சான்ஸுக்குப் பங்காளி, ஒரு அணி ஜெயிக்கும் என்று போடுவது. டிரா ஆனால் போட்ட பணம் அப்படியே திரும்பும், முதல் அணிமேல் போட்டு அது ஜெயித்தால் மேலே சொன்ன ஆட்ஸில் 1.41 கிடைக்கும். டிரா வாய்ப்பு அதிகமாகத் தெரிந்தால் டபுள் சான்ஸ், ஜெயிப்பார்கள் என்ற நம்பிக்கை இருந்தால் இது. நான் இப்போது இரண்டையும் போடுவதில்லை, ஆட்டத்தை மட்டும் பார்க்கிறேன்.