காலை 7.8, மாலை 8.2

அன்புள்ள ஐயா,

எட்டு மாதமாக 200 லிட்டர் ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைத்திருக்கிறேன். காலையில் பிஹெச் 7.8, மாலையில் 8.2. அதை 8.3-இல் நிறுத்த பிஹெச் ஏற்றும் பவுடரைத் தினமும் போடுகிறேன். மறுநாள் காலை மறுபடியும் 7.8. கேஎச் (தண்ணீரின் கார்பனேட் காரத்தன்மை) 13, கால்சியம் 380, நைட்ரேட் பூஜ்யம். அக்ரோபோரா பவளத்தின் நுனிகள் வெளுக்கின்றன. மூன்று நாளாக மஞ்சள் டாங் மீன்மேல் உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். தொட்டியிலேயே காப்பர் மருந்தை ஊற்றச் சொல்கிறார் ஒரு நண்பர். ஊற்றலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஊற்றாதீர்கள். காப்பர் இறால், நத்தை, பவளம் எல்லாவற்றையும் கொன்றுவிடும். கல்லும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு கசியவிடும்.

பவுடரையும் இன்றோடு நிறுத்துங்கள். விளக்கு அணைந்ததும் ஒளிச்சேர்க்கை நின்றுவிடுகிறது. மீனும் பவளமும் பாக்டீரியாவும் மூச்சு விடுவது நிற்குமா? கார்பன் டை ஆக்சைடு சேரச் சேர பிஹெச் இறங்கும். 7.8-க்கும் 8.4-க்கும் நடுவே எங்கே இருந்தாலும் பவளத்துக்குப் பெரிய சங்கடமில்லை. பவுடர் அந்த வாயுவை வெளியேற்றாது, கேஎச்சைத்தான் ஏற்றும். கடல்நீரில் கேஎச் 7 சொச்சம், உங்களிடம் 13. அவ்வளவு ஏறினால் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து சுண்ணாம்பாகப் படியும். ஹீட்டரிலும் பம்பிலும் வெள்ளையாக ஒட்டியிருக்கிறதா, பாருங்கள். கால்சியம் 380-க்கு இறங்க அதுவும் காரணமாக இருக்கலாம். நைட்ரேட் இல்லாத தொட்டியில் கேஎச் இப்படி இருந்து அக்ரோபோரா நுனி வெளுப்பது எங்களில் பலர் பட்ட பாடு. நானும் ஒரு காலத்தில் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து பவுடர் கலக்கியவன்தான். வீட்டில் இன்னும் கேலி செய்கிறார்கள்.

ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரை வீட்டுக்கு வெளியே வைத்து ஏர் பம்பில் ஒரு மணி நேரம் குமிழி விடுங்கள். இன்னொரு டம்ளரில் அறைக்குள்ளேயே அதைச் செய்யுங்கள். வெளியே மட்டும் பிஹெச் ஏறினால் மூடிய அறையின் காற்றுதான் காரணம்; ஜன்னலைத் திறங்கள், இல்லாவிட்டால் ஸ்கிம்மரின் (கழிவை நுரையாக்கி எடுக்கும் கருவி) காற்றுக் குழாயை வெளியே நீட்டுங்கள். இரண்டிலும் ஏறினால் தொட்டியின் மேற்பரப்பில் அசைவு போதவில்லை.

கேஎச் தானாக இறங்கட்டும். தினமும் ஒரே நேரத்தில் அளந்து, 8, 9 என்று வந்ததும் அங்கேயே ஆடாமல் பிடித்து வையுங்கள். கால்சியத்தை 420 பக்கம் கொண்டுவருவதெல்லாம் அப்புறம். மெக்னீசியம் 1300 பக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சரி, மீன். அது பெரும்பாலும் கிரிப்டோகாரியான் என்ற ஒட்டுண்ணி. சில நாளில் புள்ளிகள் தாமே மறையும், குணமாகிவிட்டது என்று ஏமாறுவோம். அது மீனை விட்டு இறங்கி, கல்லிலும் மணலிலும் கூடு கட்டி, உள்ளே பலவாகப் பிரிந்து மறுபடியும் மீனைத் தேடி வரும். அதனால் புள்ளி இல்லாத மீன்களையும் சேர்த்து எல்லாவற்றையும் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். அங்கே கல், மணல் வேண்டாம். ஒளிய பிவிசி குழாய்த் துண்டுகளும், பாக்டீரியா ஊறிய ஸ்பாஞ்ச் ஃபில்டரும் போதும். காப்பரை அங்கே போடலாம், பாட்டிலில் சொன்ன அளவில், காப்பர் டெஸ்ட் கிட்டில் அளந்து அளந்து. அம்மோனியாவைத் தினமும் பாருங்கள். நான் அந்த மாதிரித் தனித் தொட்டியில் இழந்த மீன்கள் அம்மோனியாவில்தான் போயின.

பெரிய தொட்டி 76 நாள் மீனில்லாமல் இருக்க வேண்டும். நைட்ரேட் ஏற்கெனவே பூஜ்யம், மீன் கழிவும் இருக்காது, அதனால் பவளத்துக்கு ஊட்டம் குறையும். அதற்குக் கொஞ்சம் தீனி போட்டு வாருங்கள்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள்: 200 லிட்டர் டாங் மீனுக்குப் போதாது. பிழைத்து வந்ததும் பெரிய தொட்டி வைத்திருக்கும் யாரிடமாவது கொடுத்துவிடலாம்.

அடுத்து எழுதும்போது, புதிதாகக் கலக்கும் உப்புத் தண்ணீரின் கேஎச்சையும் அளந்து எழுதுங்கள். சில உப்புகளில் கலக்கும்போதே 11, 12 இருக்கும்.