ரெண்டு அடி வேற, அறுபது சென்டிமீட்டர் வேற!

கேள்வி: அக்கா, தூத்துக்குடியில வீடு கட்டிட்டு இருக்கோம், பூச்சு வேலை முடிஞ்சு இப்போ கிச்சன்ல வந்து நிக்குது. கிறிஸ்மஸுக்கு கேக், நடுவுல மக்ரூன், பிள்ளைங்களுக்கு பிஸ்கட்னு மாசத்துக்கு நாலஞ்சு தடவை பேக் பண்ணுவேன், எல்லாமே ஒரு பழைய ஓடிஜிலதான், மேடை மேல வைக்கற சின்ன கரண்டு அடுப்பு. புது கிச்சன்ல கேபினட்டுக்குள்ளயே பதிக்கற பில்ட்-இன் அவன் வைக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. ஆசாரி "ரெண்டு அடிக்கு ரெண்டு அடி விட்டுடுறேன், எந்த அவன் வந்தாலும் உக்காந்துக்கும்"ங்கறார், வீட்டுக்காரரோ "எதுக்கு தண்டச்செலவு, ஓடிஜியவே அந்த ஓட்டைக்குள்ள தள்ளிடு"ங்கறார். கடையில பத்து ஃபங்ஷன் பன்னெண்டு ஃபங்ஷன்னு அடுக்குறாங்க. எந்த அவனை வாங்கட்டும்?

பதில்: மூணு இடத்துல "அவன்"னு எழுதியிருக்கீங்களா, முதல்ல மாப்பிள்ளை விசாரிக்கிறீங்களோன்னு நினைச்சிட்டேன்! நான் ஓவன்னே எழுதிக்கறேன், குழப்பம் வேண்டாம்.

முதல்ல ஆசாரியை நிறுத்துங்க. அவர் சொல்ற ரெண்டு அடிங்கறது 61 சென்டிமீட்டர், கடையில "60 சென்டிமீட்டர் ஓவன்"னு சொல்றது முன்னாடி தெரியுற முகத்தோட அகலம், அதுவும் சரியா பார்த்தா 59.5தான் இருக்கும். உள்ள போற பெட்டி அதைவிடச் சின்னது, அதுக்கு விட வேண்டிய ஓட்டை பெரும்பாலான மாடல்ல 56லேர்ந்து 56.8 வரைக்கும். கேபினட்டோட வெளி அளவு 60 வச்சு, 18 எம்எம் பிளைவுட்ல ரெண்டு பக்கமும் அடிச்சா உள்ள 56.4 நிக்கும் பாருங்க, கணக்கு அப்படித்தான் போட்டு வச்சிருக்காங்க. உள்ளளவே ரெண்டு அடி விட்டா ஓவன் முகம் கேபினட்ல முட்டி நிக்காம உள்ள போயிடும், ஸ்க்ரூ அடிக்க இடமே இருக்காது. இதை எப்படி இவ்ளோ உறுதியா சொல்றேன்னா என் வீட்டுலயே நடந்தது, அப்புறம் ரெண்டு பக்கமும் ரீப்பர் கட்டை வச்சு அடைச்சு, அதுக்கு மேல லேமினேட் ஒட்டி, இன்னிக்கும் கதவைத் திறந்தா அந்த ஒட்டு பல்ல இளிச்சுக்கிட்டு தெரியும்.

அதனால ஓவனை இன்னிக்கே வாங்க வேண்டியதில்ல, ஆனா மாடலை இன்னிக்கே முடிவு பண்ணி அதோட அளவு ஷீட்டை ஆசாரி கையில குடுத்துடுங்க, எம்எம்ல குடுங்க, அங்குலத்துக்கு மாத்தச் சொல்லாதீங்க. ஆழம் குறைஞ்சது 55 சென்டிமீட்டர் வேணும், பின்னாடி காத்து போக வழி வேணும், அதனால அந்த இடத்துல பின்பலகை அடிக்கவே கூடாது. உங்க பக்கம் நிறைய வீட்டுல கடப்பா கல்லு நிறுத்தித்தான் கிச்சன் பிரிக்கிறாங்க, அப்படின்னா கல்லுல நேரா ஸ்க்ரூ பிடிக்காது, உள்ள ஒரு மரச்சட்டம் கேளுங்க. ஓவன் காலியா இருக்கும்போதே 30, 35 கிலோ வரும், மேல டிரே, சிக்கன் எல்லாம் சேர்த்து தாங்கற தட்டா இருக்கணும். பிளைவுட் வைக்கறதா இருந்தா தண்ணி தாங்கற 710 கிரேடு கேளுங்க, விளிம்பு ஒட்டுற பசையும் சூடு தாங்கறதா இருக்கட்டும்.

வீட்டுக்காரர் யோசனை வேண்டவே வேண்டாம். ஓடிஜிக்கு உடம்பு முழுக்க சூடாகும், சுத்தி காத்தோட்டம் இருந்தாத்தான் அது பிழைக்கும், அதை மரப்பெட்டிக்குள்ள தள்ளினா தீப்பிடிக்க நாமளே வழி பண்ணிக் குடுத்த மாதிரி. பில்ட்-இன்ல சுத்தி இன்சுலேஷன் இருக்கும், சூட்டை முன்பக்கமா வெளிய தள்ள தனியா ஒரு கூலிங் ஃபேனும் இருக்கும், ஓவனை அணைச்ச அப்புறமும் அது கொஞ்ச நேரம் ஓடிக்கிட்டே இருக்கும், ரிப்பேர்னு பயந்து மெயினை அணைச்சுடாதீங்க. ஆனா ஒண்ணு சொல்லணும், வருஷத்துக்கு ரெண்டு தடவை கேக் சுடுறவங்க இதே கேள்வி கேட்டிருந்தா நான் உங்க வீட்டுக்காரர் கட்சிதான், ஓடிஜியை மேடை மேல வச்சுக்கிட்டு மிச்ச காசுல நல்ல சிம்னி வாங்குங்கன்னுதான் சொல்லியிருப்பேன். நீங்க மாசம் நாலஞ்சு தடவைன்னதால தாராளமா வாங்கலாம்.

இப்போ ஃபங்ஷன் கதை. பன்னெண்டு இருந்தாலும் கை போறது மூணுக்குத்தான்: மேலயும் கீழயும் சூடு, ஃபேனோட சூடு, கிரில். ஸ்பாஞ்ச் கேக்குக்கு ஃபேன் இல்லாம மேல்-கீழ் சூடு. ஒரே நேரத்துல ரெண்டு டிரே பிஸ்கட் வைக்க ஃபேன் மோடு, அதுல ரெசிப்பியில போட்டிருக்கறதை விட 20 டிகிரி குறைச்சு வைங்க, இல்லன்னா ஓரம் கருகி நடு வேகாம நிக்கும். ஃபேனுக்குன்னு அதைச் சுத்தி தனி வளையக் காயில் இருக்கான்னு கேளுங்க, வெறும் ஃபேன் மட்டும் இருக்கறதை விட அதுல சூடு ஒரே சீரா பரவும். உங்க ஊரு மக்ரூனுக்கு வேற ஒண்ணு பாக்கணும். முட்டை வெள்ளையும் சீனியும் முந்திரியும் மெல்லக் காயணுமே தவிர வேகக் கூடாதுல்ல, அதுக்கு குறைஞ்ச சூட்டுல அசையாம நிக்கற ஓவன் வேணும், டயல் எத்தனை டிகிரியில ஆரம்பிக்குதுன்னு பாருங்க, 50ல ஆரம்பிச்சா உங்களுக்கு சரி. பழைய ஓடிஜில இதுக்குத்தான் கதவுல கரண்டி சொருகி உக்காந்திருப்பீங்க!

கொள்ளளவு 60லேர்ந்து 70 லிட்டர் கிட்ட இருக்கும், ஒரு வீட்டுக்கு தாராளம். பெரிசா இருக்கறதால ப்ரீஹீட் ஆக பத்து பதினஞ்சு நிமிஷம் பிடிக்கும், ஓடிஜி மாதிரி சட்டுனு சூடாகாது, அதைக் குறைன்னு நினைக்காதீங்க. கரண்டு பத்தி வீட்டுக்காரர் கட்டாயம் கேப்பார், ஒரு கேக்குக்கு சுமாரா ஒரு யூனிட்னு வச்சுக்கங்க, ரெண்டு மாச பில்லுல பத்து யூனிட் கூடும், ஒரு ஏசி ரூமுக்கு முன்னாடி இதெல்லாம் ஒண்ணுமே இல்ல. கடைசியா, உங்க ஊருக்கு அந்த கம்பெனி சர்வீஸ் ஆள் வர்றாரான்னு வாங்கறதுக்கு முன்னாடியே ஃபோன் போட்டு கேட்டுடுங்க. "மதுரையிலேர்ந்து வரணும் மேடம்"னு சொன்னா எவ்ளோ நல்ல ஓவனா இருந்தாலும் நான் யோசிப்பேன்.

கேள்வி: அத்தைக்கு முட்டி வலி, எனக்கு இடுப்பு வலி. இன்டீரியர்காரர் அடுப்புக்கு கீழதான் ஓவன் வைக்கணும், அதுதான் அழகுங்கறார். சரியா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: குனிஞ்சு 200 டிகிரி டிரேயைத் தூக்கப் போறது நீங்களா அவரா? டால் யூனிட்ல, அதான் தரையிலேர்ந்து ஆள் உயரத்துக்கு நிக்கற கேபினட்ல வைங்க, ஓவனோட நடுத்தட்டு உங்க முழங்கை உயரத்துக்கு கொஞ்சம் கீழ வர்ற மாதிரி. ரொம்ப மேலயும் ஏத்திடாதீங்க, கதவு கீழ்நோக்கி மடங்கி நம்ம பக்கம் நீட்டிக்கிட்டு நிக்கும், அதுக்கு மேல கையை நீட்டி எடுக்கும்போது முழங்கை சுட்டுக்கும். பக்கத்துலயே டிரேயை இறக்கி வைக்க ஒரு சாண் மேடையாவது வேணும், இதை யாருமே யோசிக்கறதில்ல, சூடு டிரேயை ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிட்டு கிச்சனைச் சுத்தி வர்ற கொடுமை இருக்கே! அடுப்புக்கு கீழ வச்சே ஆகணும்னா கேஸ் டியூப் ஓவனுக்குப் பின்னாடி போகக் கூடாது, ரப்பர் டியூப் அந்த சூட்டுல கெட்டுப்போயிடும், எப்படி கொண்டு போகணும்னு கேஸ் ஏஜென்சி ஆளையே வரவச்சு கேளுங்க. டெலிஸ்கோபிக் ரெயில்னு ஒண்ணு இருக்கு, டிரே டிராயர் மாதிரி வெளிய வரும், உங்க ரெண்டு பேருக்கும் அதுக்கு குடுக்கற காசு வீண் போகாது.

கேள்வி: அபார்ட்மென்ட் கிச்சன்ல ஒரே ஒரு பவர் பிளக்தான் இருக்கு, அதுல மைக்ரோவேவ் ஓடுது. ஓவனையும் அதுலயே ஒரு மல்டிபிளக் போட்டு மாட்டலாமா?
— வாசகர், சென்னை

பதில்: ஐயோ, மாட்டிடாதீங்க சார். 16 ஆம்ப் பிளக்கால 230 வோல்ட்ல இழுக்க முடிஞ்சது மொத்தமே 3,680 வாட், நிறைய ஓவன் தனியாவே 3,000 தாண்டும், மைக்ரோவேவும் சேர்ந்தா எம்சிபி டிரிப் ஆகும், ஆகலன்னா இன்னும் மோசம், ஒயர் உருகும். வீட்டு மெயின் டிபி பெட்டியிலேர்ந்து தனி லைன், 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர், தனி எம்சிபி, எர்த் ஒழுங்கா. சில மாடலுக்கு 16 ஆம்பே பத்தாது, அதனால ஒயர் இழுக்கறதுக்கு முன்னாடி அந்த மாடல் எத்தனை வாட்னு எலெக்ட்ரீஷியன்கிட்ட சொல்லிடுங்க. சாக்கெட்டை ஓவனுக்கு நேர் பின்னாடி வைக்காம பக்கத்து கேபினட்டுக்குள்ள வைக்கச் சொல்லுங்க, பின்னாடி இருந்தா பிளக் துருத்திக்கிட்டு ஓவன் முழுசா உள்ள போகாது, அவசரத்துக்கு அணைக்கவும் கை எட்டாது. இன்வெர்ட்டர் லைன்ல மட்டும் சேத்துடாதீங்க.

கேள்வி: பைரோலிடிக் கிளீனிங்னு ஒண்ணுக்கு ரொம்ப கூடக் கேக்குறாங்களே, அவ்ளோ காசுக்கு பிரயோஜனம் உண்டா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: மீன், சிக்கன் கிரில் அடிக்கடி பண்ணுவீங்கன்னா உண்டு, கேக் மட்டும்னா இல்ல. அது என்னன்னா, கதவைத் தானே பூட்டிக்கிட்டு 500 டிகிரி கிட்ட ரெண்டு மணி நேரம் போல சூடாக்கி உள்ள இருக்கற பிசுக்கை எல்லாம் சாம்பலாக்கிடும், ஆறின அப்புறம் ஈரத்துணியால துடைச்சா போதும். அன்னிக்கு ஜன்னலைத் திறந்து வைங்க, வாடை வரும், வீட்டுல லவ் பேர்ட்ஸ் இருந்தா கூண்டை வெளிய தூக்கி வச்சிடுங்க, அந்தப் புகை பறவைகளுக்கு ஆகாது. கேட்டலிடிக்னு வேற ஒண்ணு சொல்வாங்க, பக்கச்சுவர் சொரசொரப்பா இருந்து எண்ணெயை உறிஞ்சிக்கும், அதைத் தேய்ச்சுக் கழுவினா கெட்டுடும். சாதா எனாமல் ஓவனா இருந்தாலும் தண்ணி ஊத்தி கொஞ்ச நேரம் சூடாக்கி, ஆறினதும் துடைச்சா பாதி அழுக்கு வந்துடும். அழுக்காகாம இருக்கட்டும்னு அடித்தளத்துல அலுமினியம் ஃபாயில் விரிக்கறாங்க பாருங்க, அது மட்டும் வேண்டாம், சூடு தேங்கி எனாமலே போயிடும்.

கேள்வி: மைக்ரோவேவ், ஓவன் ரெண்டும் ஒண்ணா வர்ற காம்போ வாங்கலாமா?
— வாசகி, சேலம்

பதில்: இடம் இல்லன்னா வாங்கலாம், 45 சென்டிமீட்டர் உயரத்துல வரும். ஆனா கேக் வேகும்போது பால் சுட வைக்க முடியாது, அது கெட்டா ரெண்டும் சேந்து படுத்துடும். இடம் இருந்தா தனித்தனியா வச்சுக்கங்க.

கேள்வி: குன்னூர் குளிருக்கு இட்லி மாவு பொங்கவே மாட்டேங்குது. ஓவன் வாங்கினா அதுல வைக்கலாமா?
— வாசகி, குன்னூர்

பதில்: ஓவனை ஆன் பண்ணாம உள்ள இருக்கற லைட்டை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை வச்சு மூடிடுங்க, அந்த பல்பு சூடே போதும். கதவைத் திறந்தாத்தான் லைட் எரியும்னு சில மாடல் இருக்கு, கடையிலயே கேட்டுக்கங்க. கீழ ஒரு தட்டு வைக்க மறந்துடாதீங்க, பொங்கி வழிஞ்சா உள்ள சுரண்டி எடுக்கறதுக்குள்ள உயிர் போயிடும். அப்புறம் காலையில வேற யாராவது எழுந்து வந்து உள்ள மாவு இருக்கறது தெரியாம ப்ரீஹீட் போட்டுடாம இருக்க, கதவுல ஒரு சீட்டு ஒட்டி வைங்க.