கேள்வி – பதில்: விண்வெளிக் கதைகளின் அட்டை ஓவியங்கள்

கேள்வி: என் மகன் பழைய ஆங்கில விண்வெளிக் கதைகளின் அட்டைப் படங்களை ஆசையாகச் சேர்த்து வைக்கிறான். எனக்கோ அவை கண்ணைக் கூசச் செய்யும் வண்ணக் குவியலாகவே தெரிகின்றன. அவற்றில் ரசிக்க என்ன இருக்கிறது?
– வாசகர் ஒருவர், சேலம்

பதில்: படத்தில் மனிதர் எவ்வளவு சிறியவராக வரையப்பட்டிருக்கிறார் என்பதை முதலில் கவனியுங்கள், மற்றவற்றின் பிரம்மாண்டம் அந்த அளவிலிருந்தே பிறக்கிறது. ஹியூகோ கெர்ன்ஸ்பேக் 1926 ஏப்ரலில் நியூயார்க்கில் தொடங்கிய ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ முதல் இதழின் அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜூல் வெர்னின் கதையொன்றுக்காக ஃபிராங்க் ஆர். பால் வரைந்த அந்தப் படத்தில், உறைந்த பரப்பின் மேல் மனிதர்கள் சறுக்கி விளையாடுகிறார்கள். பனிக் குன்றுகளின் உச்சியில் கப்பல்கள் தொற்றிக்கொண்டு நிற்கின்றன. பின்னால் வளையங்களுடன் சனிக்கோள் பேருருக் கொண்டு எழுகிறது. ஆஸ்திரியாவில் பிறந்து கட்டட வரைகலை பயின்ற ஃபிராங்க் பாலுக்கு மனித முகங்கள் அவ்வளவாகக் கைவரவில்லை என்பது உண்மைதான். ஆனால் எந்திரங்களையும் வருங்கால நகரங்களையும் வரையும்போது, ஒவ்வொரு பாகமும் எதன்மேல் நிற்கிறது, எதைத் தாங்குகிறது என்று அறிந்தவருடைய கை அங்கே தெரிகிறது.

வண்ணங்கள் உரத்து ஒலிப்பதற்குக் காரணம் கடைவீதிதான். பல இதழ்களுக்கு நடுவே ஓர் இதழ், போகிறவரின் பார்வையைத் தூரத்திலிருந்தே பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

இதற்கு நேரெதிர் வழியில் சென்றவர் செஸ்லி பான்ஸ்டெல். கட்டடக்கலை பயின்று, ஹாலிவுட்டில் பின்னணிக் காட்சிகள் வரைந்த அவர், கோளின் அளவு, தொலைவு, பார்வைக் கோணம் ஆகியவற்றைக் கணக்கிட்டுக்கொண்டு வரைந்தார். 1944இல் ‘லைஃப்’ இதழில் வந்த அவருடைய ஓவியம், சனியின் நிலவான டைட்டனின் பாறைகளுக்கு மேலே நீல வானில் பிறையாகத் தெரியும் சனியைக் காட்டுகிறது. டைட்டனை அடர்ந்த ஆரஞ்சுப் புகைமூட்டம் மூடியிருப்பதை 1980இல் வாயேஜர் 1 விண்கலம் அருகிலிருந்து படம்பிடித்துக் காட்டியது. அதனால் ஓவியத்தின் மதிப்பு எள்ளளவும் குறையவில்லை. வேறொரு நிலத்தில் கால் ஊன்றி நிற்கும் உணர்வை அதுபோல் தந்த படங்கள் மிகச் சில.

அடுத்ததாக, கெல்லி ஃப்ரீஸ் 1953 அக்டோபர் ‘அஸ்டவுண்டிங்’ இதழுக்கு வரைந்த அட்டையை மகனிடம் கேட்டுப் பாருங்கள். உயிரற்ற மனிதனை உள்ளங்கையில் ஏந்திய மாபெரும் எந்திர மனிதன், பொம்மையை உடைத்துவிட்ட குழந்தைபோல் விழிக்கிறான். 1977இல் குயீன் இசைக்குழுவின் இசைத்தட்டு உறைக்காக ஃப்ரீஸே அந்தப் படத்தை மாற்றி வரைந்து கொடுத்தார்.

கேள்வி: அட்டையில் இருக்கும் விண்கலம் கதைக்குள் வரவே இல்லையே, இது வாசகரை ஏமாற்றுவது ஆகாதா?
– வாசகி ஒருவர், மதுரை

பதில்: 1970களின் பிரிட்டிஷ் பேப்பர்பேக்குகளில் இது சர்வ சாதாரணம். ஐசக் அசிமோவ், இ. இ. ஸ்மித் ஆகியோரின் நாவல்களுக்கு கிறிஸ் ஃபாஸ் ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் கருவி) கொண்டு வரைந்த கலங்கள், பட்டை பட்டையாக வண்ணம் பூசிய, உழைத்துத் தேய்ந்த சரக்குக் கப்பல்களின் தோற்றம் உடையவை. பெரும்பாலும் கதையின் எந்தக் காட்சியோடும் ஒட்டாதவை. இருந்தாலும், பல உலகங்களை ஆளும் பேரரசு என்று ஆசிரியர் எழுதும்போது மனம் எட்டாத பருமனை ஃபாஸின் கலங்கள் ஒரே பார்வையில் காட்டிவிடுகின்றன. பாலன்டைன் பதிப்பகத்துக்கு ரிச்சர்ட் பவர்ஸ் வரைந்தவற்றிலோ அடையாளம் காணும்படி கலமே இருக்காது. இனம் தெரியாத உருவங்கள் மட்டும் மிதக்கும். கதையை அப்படியே படமாக்கிய அட்டைகள் பலவற்றைவிட அவையே எனக்கு மேலானவை.