புது டிசையரை எப்படிப் பார்த்து வாங்குவது? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வண்டியைப் பற்றித்தான். 2024 நவம்பரில் மாருதி முழுசாக மாற்றி இறக்கிய நான்காம் தலைமுறை டிசையர். கேட்டவர்கள் எல்லோரும் நம் வடசென்னைப் பக்கத்துக்காரர்கள் என்பதால், நம் தெருவையும் நம் ரோட்டையும் மனதில் வைத்தே பதில் சொல்கிறேன்.

அண்ணா, என் கணவர் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். நான் வீட்டோடு தையல் கடை வைத்திருக்கிறேன். இரண்டு பிள்ளைகள், முட்டிவலியோடு மாமியார். இது எங்கள் முதல் கார். புது டிசையரின் முகம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கணவர் கூரையில் கண்ணாடி திறக்கும் சன்ரூஃப் உள்ளதையே வாங்கலாம் என்கிறார். எதைப் பார்த்து முடிவு செய்வது?
– வாசகி, தண்டையார்பேட்டை

முதலில் மாமியாரை ஷோரூமுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், சகோதரி. முகம் அழகாகத்தான் இருக்கிறது, நானும் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் நாளைக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தப் பின் கதவைத் திறந்து, தலையைக் குனிந்து, முட்டியை மடக்கித் தாழ்வான ஸீட்டில் உட்கார்ந்து எழப் போகிறவர் அவர்தான். வண்டியின் உயரம் 1525 மில்லிமீட்டர், ஸீட்டும் அதற்கேற்பக் கீழே இருக்கிறது. நான்கு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முதல் முறை எல்லோரும் சமாளித்துவிடுவார்கள், நான்காவது முறைதான் முட்டி உண்மையைச் சொல்லும். அவருக்கு முடியவில்லை என்றால் வேகன் ஆர் மாதிரி 1675 மில்லிமீட்டர் உயரமுள்ள வண்டிதான் சுலபம். ஆனால் அதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இரண்டு ஏர்பேக் இருந்த வேகன் ஆரை 2023-ல் குளோபல் என்கேப் என்ற பாதுகாப்புச் சோதனை அமைப்பு மோதவைத்துச் சோதித்தபோது ஐந்துக்கு ஒரே ஒரு ஸ்டார்தான் கிடைத்தது.

இதே அமைப்பின் சோதனையில் புது டிசையர் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 34-க்கு 31.24 வாங்கி ஐந்து ஸ்டார் எடுத்தது, குழந்தைகள் பாதுகாப்புக்கு 49-க்கு 39.20, நான்கு ஸ்டார். மாருதி வண்டி ஒன்று ஐந்து ஸ்டார் எடுத்தது அதுதான் முதல் முறை. என்னைக் கேட்டால் இந்த மாற்றத்தில் பெரிய விஷயமே இதுதான், கிரில்லும் விளக்கும் இதற்கு அப்புறம்தான். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் இரண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருமுறை போனவர்களுக்கு நான் ஏன் இதை முதலில் வைக்கிறேன் என்று புரியும்.

சந்தோஷமான விஷயம், இதற்காக நீங்கள் அதிகம் கொடுக்கத் தேவையில்லை. ஆறு ஏர்பேக், வண்டி வழுக்கும்போது பிடித்து நிறுத்தும் ஈஎஸ்பி, ஐந்து பேருக்கும் மூன்று முனை பெல்ட், குழந்தை ஸீட்டைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி, இவை அடிமட்ட எல்எக்ஸ்ஐ முதல் எல்லா வேரியண்டிலும் இருக்கின்றன. சன்ரூஃப், விலை உச்சத்தில் உள்ள இசட்எக்ஸ்ஐ பிளஸ் வேரியண்டில் மட்டும்தான். நம் ஊர் வெயிலில் பகல் பதினொரு மணிக்கு அந்தக் கண்ணாடியை மூடித்தான் வைக்கப் போகிறீர்கள். கணவரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள், ஆசைப்பட்டிருக்கிறார். நடு வேரியண்டான விஎக்ஸ்ஐ உங்கள் குடும்பத்துக்குப் போதும், மிச்சப் பணத்தில் நல்ல இன்ஷூரன்ஸும் சின்னவனுக்கு ஒரு குழந்தை ஸீட்டும் வாங்கலாம்.

பணத்தைப் பற்றி இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி, அதன் மேல் போடும் செஸ் எல்லாம் சேர்த்து 29 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியிருக்கிறது. இந்த வண்டி 3995 மில்லிமீட்டர், 1197 சிசி, அதனால் உள்ளே வருகிறது. 11 சதவீதம் விலை குறைய வேண்டுமே என்று சிலர் ஷோரூமில் சண்டை போடுகிறார்கள். அப்படி வராது. வரி சேர்ந்த பழைய விலையில் கணக்குப் போட்டால் எட்டரை சதவீதம்தான் குறையும். அப்புறம் தமிழ்நாட்டில் ஆயுள் சாலை வரி 5 முதல் 10 லட்சம் வரை உள்ள கார்களுக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். ஆகவே விளம்பரத்தில் போடும் விலையைப் பார்க்காமல், சாலை வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன் ரோடு விலையைத் தனித்தனித் தொகையாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். அதில் அக்சஸரீஸ் என்று ஒரு தொகை இருந்தால் என்னென்ன என்று கேளுங்கள், வேண்டாததை அடிக்கச் சொல்லுங்கள்.

ஸ்விஃப்ட்டா டிசையரா? எங்கள் தெருவில் எதிரே ஒரு ஷேர் ஆட்டோ வந்தாலே நான் பின்னால் போக வேண்டும்.
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

இரண்டுக்கும் ஒரே எலும்புக்கூடு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி இரண்டிலும் 2450 மில்லிமீட்டர், அகலம் 1735, திரும்பும் வட்டத்தின் ஆரம் 4.8 மீட்டர், எஞ்சினும் ஒன்றே. வித்தியாசம் வாலில்தான். ஸ்விஃப்ட் 3860 மில்லிமீட்டர், டிசையர் பதிமூன்றரை சென்டிமீட்டர் நீளம். அந்த நீளத்துக்குக் கிடைப்பது டிக்கி: ஸ்விஃப்டில் 265 லிட்டர், டிசையரில் 382. ஊருக்குப் போகும்போது அரிசி மூட்டை ஏற்றுகிற குடும்பமா, வாரம் ஒருமுறை எம்.சி. ரோட்டுக்கும் பீச்சுக்கும் போகிற குடும்பமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். தெரு பற்றிய உங்கள் கவலைக்கு ஒரே மருந்து, டெஸ்ட் டிரைவை ஷோரூம் ரோட்டோடு முடிக்காமல் உங்கள் வீட்டு வாசல் வரை ஓட்டி வருவது. சாயங்காலம் ஏழு மணிக்குக் கேளுங்கள், தெருவில் எல்லா பைக்கும் நின்றுவிட்ட பிறகு. மறுத்தால் வேறு டீலரிடம் போங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் ஒரு சின்னத் திருத்தம்: மேலே சொன்ன ஸ்டார்கள் டிசையருக்கானவை. எலும்புக்கூடு ஒன்று என்பதற்காக அந்த மதிப்பெண்ணை ஸ்விஃப்ட்டுக்கு அப்படியே தூக்கி வைக்க முடியாது.

நான்கு சிலிண்டரை எடுத்துவிட்டு மூன்று சிலிண்டர் போட்டுவிட்டார்கள், இழுவையே இருக்காது என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா சார்?
– வாசகர், திருவொற்றியூர்

பாதி உண்மை. பழைய எஞ்சின் 90 குதிரைத்திறன், புதியது 82. இழுவைக்கான முறுக்குவிசை 113 நியூட்டன் மீட்டரிலிருந்து 112 ஆகியிருக்கிறது, அது கணக்கிலேயே வராத குறைவு. திருவொற்றியூர் ஹை ரோட்டில் முப்பது நாற்பதில் போகிற வரைக்கும் உங்களுக்கு எந்தக் குறையும் தெரியாது. சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் லேசான அதிர்வு தெரியும், அதுதான் மூன்று சிலிண்டரின் சுபாவம், சிலருக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும், சிலருக்குக் கடைசி வரை உறுத்தும். குறைவு தெரிவது எப்போதென்றால், நான்கு பேர் உட்கார்ந்து, ஏசி ஓடி, பெரியபாளையம் தாண்டி ஊத்துக்கோட்டை ரோட்டில் ஒரு லாரியை முந்தப் போகும்போது. அங்கே கியரைக் குறைத்துத்தான் ஆக வேண்டும், பழைய டிசையர் மாதிரி அதே கியரில் இழுத்துக்கொண்டு போகாது.

அதனால் டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, ஏசியை முழுதாக வைத்து, மூலக்கடை மேம்பாலத்தில் பாதி ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். ஷோரூம் பையன் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருவார், கொஞ்ச நேரம் பேசாமல் வரச் சொல்லுங்கள், எஞ்சின் சத்தம் கேட்க வேண்டும்.

மைலேஜ் ஏறியிருக்கிறது என்கிறார்களே, அது நிஜம்தான்: மேனுவல் கியரில் லிட்டருக்கு 22.41 கிலோமீட்டரிலிருந்து 24.79. ஆனால் இது சோதனைக்கூடக் கணக்கு. டோல்கேட்டில் தேங்கி நின்று போகும் நமக்கு 15, 16 வந்தால் போதும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் கூடக் கிடைத்தால் மிச்சமாவது ஐந்து லிட்டர் பெட்ரோல், ஐந்நூறு ரூபாய். அதற்காக ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டியை மாற்றுவது சரியில்லை.

மழையில் வண்டி நின்றுபோனால் இன்ஷூரன்ஸ் தருமா? டிசையரின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, அதாவது 163 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ், நமக்குப் போதுமா?
– வாசகர், எர்ணாவூர்

உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்தான் ஞாபகம் வருகிறது. வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீட்டுக்குள் வந்து, சுவரில் கருப்புக் கோடாக நின்றதே. என் மைத்துனர் வீடும் உங்கள் பக்கம்தான். வாசலில் நின்ற அவர் கார் பம்பர் வரை மூழ்கியது. தண்ணீர் வடிந்த மறுநாள் காலை, ஓடுகிறதா பார்ப்போம் என்று சாவியைத் திருப்பினார். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். காற்று போகும் குழாய் வழியே சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தது. தண்ணீரை அமுக்க முடியாது, பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. பாலிசி இருந்தது. ஆனால் ஈரத்தோடு ஸ்டார்ட் செய்தது உங்கள் தவறு என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் எஞ்சினுக்கு ஒரு பைசா தரவில்லை. உள் அலங்காரத்துக்கும் ஒயரிங்குக்கும் மட்டும் கொடுத்தார்கள். அவர் அன்று உட்கார்ந்திருந்த முகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்போதுதான் கடனில் ஆறாவது தவணை கட்டியிருந்தார்.

ஆகவே எஞ்சின் புரொடெக்ஷன் என்ற கூடுதல் கவரை எடுங்கள். புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருடத்துக்குச் சேர்ந்தே வரும், உங்கள் வண்டியின் சேதத்துக்கான பகுதியைத்தான் வருடா வருடம் புதுப்பிப்பீர்கள். கூடுதல் கவரும் அதோடு போய்விடும், ஒவ்வொரு முறையும் கேட்டுச் சேர்க்க வேண்டும். வண்டி மூழ்கியிருந்தால் சாவியைத் தொடாதீர்கள். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, போட்டோ எடுத்துவிட்டு, கட்டி இழுத்துப் போகச் சொல்லுங்கள்.

163 மில்லிமீட்டர் ஆள் இல்லாத வண்டியின் அளவு. ஐந்து பேர் ஏறினால் இன்னும் இறங்கும். நம் தெருக்களில் இரவோடு இரவாகப் போடும் வேகத்தடைகளில் கொஞ்சம் சாய்த்துத்தான் ஏற்ற வேண்டும். ஓட்டிவிடலாம், கவனம் வேண்டும். மழை நாளில் கணேசபுரம் சுரங்கப்பாதை பக்கம் எந்த வண்டியிலும் போகாதீர்கள்.

மாதவரத்திலிருந்து ஒரகடத்துக்கு தினமும் போய்வருகிறேன், மாதம் 2500 கிலோமீட்டர். கேஸில் ஓடும் சிஎன்ஜி டிசையர் எடுக்கலாமா?
– வாசகர், மாதவரம்

உங்களுக்குச் சரியாக வரும், தம்பி. கிலோவுக்கு 33.73 கிலோமீட்டர் என்று கம்பெனி சொல்வதை 27 ஆகவும், உங்களுடையது நீண்ட ஓட்டம் என்பதால் பெட்ரோலை லிட்டருக்கு 19 ஆகவும் வைத்துக்கொள்ளுங்கள். விலை, கணக்குக்காகக் கேஸ் 90, பெட்ரோல் 100. மாதம் 4,800 ரூபாய் மிச்சம். வண்டி வந்தபோது விஎக்ஸ்ஐ பெட்ரோலுக்கும் சிஎன்ஜிக்கும் 95,000 ரூபாய் வித்தியாசம், இருபது மாதத்தில் எடுத்துவிடுவீர்கள். இதே கணக்கை மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் போட்டால் எட்டு வருடம் ஆகும், அவருக்கு வேண்டாம். கேஸில் ஓடும்போது திறன் 70 குதிரைக்கு இறங்கும், டிக்கியை சிலிண்டர் பிடித்துக்கொள்ளும், மேனுவல் கியர் மட்டும்தான். மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டரைச் சோதித்துச் சான்று வாங்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

புது ஹோண்டா அமேஸும் அதே நேரத்தில் வந்ததே? எனக்கு இடது காலில் வலி, ஆட்டோமேட்டிக் வேண்டும்.
– வாசகி, பெரம்பூர்

அப்படியென்றால் அம்மா, உங்களுக்கு நான் அமேஸைத்தான் முதலில் ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். டிசையரில் இருப்பது ஏஜிஎஸ், மேனுவல் கியர்பாக்ஸையே ஒரு மெஷின் மாற்றுகிறது, நெரிசலில் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் தலை லேசாக முன்னும் பின்னும் ஆடும். 2024 டிசம்பரில் வந்த அமேஸில் சிவிடி என்ற ஆட்டோமேட்டிக், கியர் மாறுவதே தெரியாமல் வழுக்கிக்கொண்டு போகும். நான்கு சிலிண்டர், 90 குதிரை, டிக்கி 416 லிட்டர், தரையிலிருந்து 172 மில்லிமீட்டர். விலை கூடுதல், மைலேஜ் கணக்கில் டிசையர் ஏஜிஎஸ் 25.71, அமேஸ் சிவிடி 19.46. இந்த வித்தியாசம் பெரியதுதான், ஆனால் கால் வலி உங்களுடையது. இரண்டையும் ஒரே நாளில், ஒரே ரோட்டில், காலை ஒன்பது மணி நெரிசலில் ஓட்டிப் பாருங்கள்.

கடலோரத்தில் வீடு. துரு பிடிக்குமா?
– வாசகர், காசிமேடு

பிடிக்கும். என் பழைய வண்டியில் சைலன்சரைத் தாங்கும் பட்டை நாலே வருடத்தில் இற்று விழுந்தது, மேலே பெயின்ட் பளபளவென்று இருந்தது. டெலிவரிக்கு முன்பே அடிப்பாகத்துக்குத் துரு தடுப்புப் பூச்சு அடித்துவிடுங்கள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் மேலே கழுவுவதைவிட அடியில் கழுவுங்கள், உப்பான போர்வெல் தண்ணீர் வேண்டாம். கதவுகளின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், தண்ணீர் வடிவதற்கு. மணல் அடைத்திருந்தால் ஒரு குச்சியால் எடுத்துவிடுங்கள்.