பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு ரெய்டைக் காணோமா? 'இனிஷியலைஸ்' அழுத்தாதீர்கள்

இரண்டு 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்கி ரெய்டு 0 போடலாமா, ஒரே 1 டிபி என்விஎம்இ வாங்கலாமா?

என்விஎம்இ வாங்குங்கள். பல டிரைவ்களை ஒன்றாகச் சேர்ப்பதுதான் ரெய்டு. சாட்டா ஒன்று நொடிக்கு 550 எம்பி தரும், இரண்டு சேர்ந்தால் 1,000 சொச்சம். சாதாரண ஜென்3 (பிசிஐஇ மூன்றாம் தலைமுறை) என்விஎம்இ தனியாகவே 3,500 தொடும். விண்டோஸ் திறக்கும் வேகமும் சின்னச் சின்ன ஃபைல்கள் படிக்கும் வேகமும் ரெய்டு 0-வால் ஏறாது. ஆனால் ரெய்டு 0 டேட்டாவைத் துண்டாக்கி இரண்டு டிரைவிலும் பிரித்து எழுதுவதால், இரண்டில் எது போனாலும் எல்லாம் போகும்.

500 ஜிபியையும் 1 டிபியையும் ரெய்டு 1-இல் சேர்த்தால் எவ்வளவு கிடைக்கும்?

500. ரெய்டு 1-இல் ஒன்று மற்றதன் நகல், அதனால் சின்னதன் அளவுதான்.

ரெய்டு 1 போட்டாயிற்று. இனி பேக்கப் எடுக்க வேண்டாம்தானே?

வேண்டும். தவறி அழித்த ஃபைல் இரண்டு டிரைவிலும் அதே நொடியில் அழியும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலும் அப்படியே. ரெய்டு வேறு, பேக்கப் வேறு.

விண்டோஸ் 11 பென்டிரைவ் போட்டால் "டிரைவ் எதுவும் இல்லை" என்கிறது. பயாஸில் இரண்டும் தெரிகின்றன.

இன்டெல் 11-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ என்றால் விஎம்டி (என்விஎம்இ டிரைவ்களை இன்டெல் ரெய்டின் கையில் கொடுக்கும் பயாஸ் செட்டிங்) ஆன் ஆகியிருக்கும். போர்டு தயாரித்தவரின் தளத்தில் உங்கள் மாடலுக்கான ஆர்எஸ்டி (இன்டெல்லின் ரெய்டு) டிரைவரை இறக்கி, ஜிப்பைப் பிரித்து அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டராகப் போடுங்கள். ஜிப்பாகவே வைத்தால் இன்ஸ்டாலர் படிக்காது. 'லோட் டிரைவர்' அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும். ஏஎம்டி போர்டில் ரெய்டு என்றால் மூன்று டிரைவர்கள்: முதலில் ஆர்சி பாட்டம், அடுத்து ஆர்சி ரெய்டு, கடைசியாக ஆர்சி கான்ஃபிக். வரிசை மாறக்கூடாது. முதல் டிரைவரை ஏற்றியதும் டிரைவ் தெரியவில்லையே என்று பாதியில் விடாதீர்கள்.

ரெய்டு போட்டேன், ஸ்லோவாக இருக்கிறது. ஏன்?

எந்த போர்டு, எந்த எஸ்எஸ்டி, எந்த ரெய்டு, எதைச் செய்யும்போது ஸ்லோ? நான்கில் ஒன்றைக்கூட எழுதாமல் பதில் கேட்டால் ஊகம்தான் சொல்ல முடியும். விலை மலிவான கியூஎல்சி (ஒரு செல்லில் நான்கு பிட் வைக்கும்) எஸ்எஸ்டியாக இருந்து, பெரிய ஃபைலை ஏற்றும்போது முதல் 50, 100 ஜிபி வேகமாகப் போய் அப்புறம் படுத்துவிடுகிறது என்றால், எஸ்எல்சி கேஷ் எனும் சின்ன வேகப் பகுதி நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகு ஹார்ட் டிஸ்க் வேகம்தான் கிடைக்கும். ரெய்டு இதைச் சரிசெய்யாது. அடுத்த முறை மாடல் எண்ணோடு எழுதுங்கள்.

இசட்490 போர்டில் இரண்டு ஜென்3 என்விஎம்இ, ரெய்டு 0. 7,000 வர வேண்டியது 3,500-இல் நிற்கிறது.

அந்த போர்டில் 10-ஆம் தலைமுறை சிபியு போட்டால் என்விஎம்இ செருகும் இரண்டு எம்.2 ஸ்லாட்டும் சிப்செட் வழியாகத்தான் போகும். சிப்செட்டுக்கும் சிபியுவுக்கும் நடுவில் இருக்கும் டிஎம்ஐ பாதையின் அகலம் நான்கு ஜென்3 லேன் (டேட்டா போகும் தடம்) அளவுதான். ஒரே டிரைவ் அதை நிரப்பிவிடும். டிரைவில் குறை ஒன்றுமில்லை.

பயாஸ் அப்டேட் செய்தேன். விண்டோஸ் தனி டிரைவில் இருப்பதால் திறந்தது. ரெய்டு 0 வால்யூமைக் காணோம். டிஸ்க் மேனேஜ்மென்ட் 'இனிஷியலைஸ்' கேட்டது, ஓகே கொடுத்து ஃபார்மட்டும் செய்துவிட்டேன். டேட்டா மீளுமா?

மீளாது. ரெய்டு 0 கடிதங்களில் இதே தவறு திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது என்பதுதான் வேதனை.

நடந்தது இதுதான். பயாஸ் அப்டேட் பெரும்பாலும் எல்லா செட்டிங்கையும் போர்டு வாங்கியபோது இருந்த நிலைக்குக் கொண்டுபோய்விடும். போர்டில் பயாஸ் செட்டிங்கைக் காக்கும் சிமாஸ் பேட்டரி தீர்ந்தாலும் இதேதான். ரெய்டு என்று நீங்கள் வைத்தது ஏஎச்சிஐ (ரெய்டு இல்லாத சாதாரண முறை) ஆகிவிடும், அல்லது விஎம்டி ஆஃப் ஆகிவிடும். உடனே இரண்டு டிரைவும் தனித்தனியாகத் தெரியும். எந்தப் பகுதி எங்கே என்று சொல்லும் பார்ட்டிஷன் டேபிள் முதல் டிரைவின் தொடக்கத்தில் இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. அதனால்தான் இரண்டாவதைப் பார்த்து விண்டோஸ் 'இனிஷியலைஸ்' கேட்கிறது. அந்த நேரம் வரை உங்கள் டேட்டா ஒரு பிட்கூடக் கெடாமல் அப்படியே இருக்கிறது.

ஓகே அழுத்தியதும் கெடுகிறது. ஜிபிடி எனும் புதிய பார்ட்டிஷன் டேபிள் டிரைவின் தொடக்கத்தில் ஒன்றும் கடைசியில் ஒன்றும் எழுதப்படும். இன்டெல் ரெய்டு தன் குறிப்பை வைத்திருப்பதும் அதே கடைசி செக்டார்களில்தான். அது அழிந்தால், பயாஸில் ரெய்டைத் திரும்ப ஆன் செய்தாலும் 'ஃபெயில்டு' என்றே காட்டும். இதோடு நிறுத்தியிருந்தால்கூட வேலை தெரிந்தவர் ஸ்ட்ரைப் (ஒரு டிரைவில் ஒரு தடவைக்கு எழுதும் துண்டு) அளவையும் டிரைவ் வரிசையையும் வைத்து மீட்க வழியிருந்தது. ஃபார்மட் செய்ததும் விண்டோஸ் 'இந்த இடம் இனி வேண்டாம்' என்ற டிரிம் கட்டளையை அனுப்பிவிடும், எஸ்எஸ்டி அந்த பிளாக்குகளைக் காலி என்று தள்ளிவிடும். ஹார்ட் டிஸ்க் காலத்தில் குவிக் ஃபார்மட்டுக்குப் பிறகும் ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு எடுத்த பழக்கம் இங்கே செல்லாது.

இனி மற்றவர்களுக்கு. அப்டேட்டுக்கு முன்பே பயாஸின் ஸ்டோரேஜ் பக்கங்களை மொபைலில் படம் எடுங்கள். எந்த போர்ட்டில் எந்த சீரியல் எண், ஸ்ட்ரைப் அளவு என்ன என்று எழுதி வையுங்கள். டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயை வெளியே எடுத்து வையுங்கள். அப்டேட் முடிந்ததும் விண்டோஸுக்குப் போகாமல் நேராக பயாஸுக்குள் போய் ரெய்டையும் விஎம்டியையும் பழையபடி வைத்து, வால்யூம் 'நார்மல்' என்று காட்டுகிறதா பார்த்த பிறகே திறக்க விடுங்கள். தவறி விண்டோஸ் திறந்துவிட்டால் எந்தப் பெட்டி எதைக் கேட்டாலும் கேன்சல் செய்து ஷட் டவுன் கொடுங்கள்.

ரெய்டு 1-இல் விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு வேறு ஆபத்து. ஏஎச்சிஐ-க்கு மாறினாலும் ஒரு டிரைவிலிருந்து விண்டோஸ் திறந்துவிடக்கூடும், திறந்தால் அதில் எழுதவும் செய்யும். மற்றது பழைய நிலையில் நிற்கும். அப்படியே ரெய்டை ஆன் செய்தால் கன்ட்ரோலர் இரண்டையும் சமமென்று நம்பி, புதியதையும் பழையதையும் கலந்து படிக்கும். எதில் எழுதப்பட்டது என்று பார்த்து, மற்றதைக் கழற்றி, ஒற்றை டிரைவோடு ரெய்டைத் தொடங்கி, பிறகு கழற்றியதை மாட்டி ரீபில்டு (மறுபடி நகலெடுப்பு) கொடுங்கள். அதற்கு முன் முக்கிய ஃபைல்களை வெளியே காப்பி எடுங்கள். ரெய்டு வேறு, பேக்கப் வேறு.

ஏஎச்சிஐ-இல் விண்டோஸ் போட்டபின் ரெய்டுக்கு மாற்றினால் நீலத் திரை.

திரும்ப ஏஎச்சிஐ-க்கு மாற்றி விண்டோஸுக்குள் போங்கள். எம்எஸ்கான்ஃபிக் திறந்து பூட் பக்கத்தில் 'சேஃப் பூட்' டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்து பயாஸில் ரெய்டுக்கு மாற்றுங்கள். சேஃப் மோடில் திறந்ததும் டிக்கை எடுத்துவிட்டு மீண்டும் ரீஸ்டார்ட். இன்டெல் சாட்டாவுக்கு இது போதும். விஎம்டிக்கும் ஏஎம்டிக்கும் டிரைவர் முன்பே உள்ளே இருக்க வேண்டும். விண்டோஸ் இருக்கும் டிரைவைச் சேர்த்து பயாஸில் புதிய ரெய்டு 0 உருவாக்கினால் அதிலிருப்பது எல்லாம் அழியும்.

பதினாறு லேன் கார்டில் நான்கு எம்.2 போட்டேன். ஒன்றுதான் தெரிகிறது.

கார்டில் பிரித்துத்தரும் சிப் இல்லை. போர்டுதான் அந்த ஸ்லாட்டை நான்கு நான்காகப் பிரிக்க வேண்டும். பயாஸில் பைஃபர்கேஷன் செட்டிங்கைத் தேடுங்கள். சாதாரண இன்டெல் டெஸ்க்டாப் போர்டுகளில் நான்காகப் பிரியாது. வாங்கும் முன் மேனுவலைப் படித்திருந்தால் காசு மிஞ்சியிருக்கும்.

மூன்று எஸ்எஸ்டியில் ரெய்டு 5?

டெஸ்க்டாப்பில் வேண்டாம். கொஞ்சம் எழுதும் ஒவ்வொரு முறையும் பழைய டேட்டா, பழைய பாரிட்டி (ஒரு டிரைவ் போனால் கணக்கிட்டு மீட்க உதவும் கூடுதல் டேட்டா) இரண்டையும் படித்து, புதிய இரண்டையும் எழுத வேண்டும். இன்டெல் ஆர்எஸ்டியில் ரெய்டு 5-க்கு டிரிம்மும் போகாது. இரண்டு பெரிய டிரைவ் வாங்கி ரெய்டு 1 போடுங்கள்.

ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய ஒரே மாடல் இரண்டு. சரியா?

டிரைவுக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்த பிறகு ரெய்டில் சேருங்கள். குரூஷியல் எம்4 எஸ்எஸ்டியில் சுமார் 5,184 மணி நேரம் ஓடியதும் தொங்கிப்போகும் பிழை இருந்தது. 2012-இல் ஃபர்ம்வேர் கொடுத்துச் சரிசெய்தார்கள். 2019-இல் எச்பிஇ (ஹியூலெட் பேக்கார்ட் என்டர்பிரைஸ்) நிறுவனத்தின் சில சர்வர் எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் அடியோடு செத்துப்போகும் என்று அந்த நிறுவனமே எச்சரித்தது. ஒரே நாளில் ஓடத் தொடங்கிய ஜோடி ஒரே நாளில்தான் அந்த எண்ணைத் தொடும். முடிந்தால் இரண்டு வேறு நிறுவனம் வாங்குங்கள்.

உபுண்டுவில் எம்டி (லினக்ஸின் சாஃப்ட்வேர்) ரெய்டு 1. முதல் டிரைவைக் கழற்றினால் பூட் ஆகவில்லை.

பூட் ஃபைல்கள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷன் முதல் டிரைவில் மட்டும் இருக்கிறது. பயாஸுக்கு எம்டி ரெய்டு புரியாது. இரண்டு டிரைவிலும் தலா 512 எம்பி இஎஃப்ஐ பார்ட்டிஷன் ரெய்டுக்கு வெளியே வைத்து, இரண்டிலும் லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப் போட்டு, இரண்டையும் பூட் பட்டியலில் சேருங்கள். பிறகு மெஷினை அணைத்து, ஒவ்வொன்றாகக் கழற்றி பூட் ஆகிறதா பாருங்கள். ஒன்றைச் சோதித்த பின் அதைத் திரும்பச் சேர்த்து, ரீபில்டு நூறு சதவீதம் முடியும்வரை அடுத்ததைத் தொடாதீர்கள்.