அரிவாள் மூக்கனுக்கு வாயில் நுழையாத லத்தீன் பெயர் எதற்கு?

“கம்போடியாவின் ஐபிஸ் (அரிவாள் மூக்கன்) பறவைகளுக்கு ஏன் இப்படி லத்தீன் பெயர்? அதற்கெல்லாம் அர்த்தம் இருக்கிறதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ தேர்வுக்காக மனப்பாடம் செய்து நொந்துபோயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அர்த்தம் இருக்கிறது. நான் பறவையியல் படித்தவன் இல்லை, கிரேக்கமும் தெரியாது. பார்த்ததையும் தேடிப் படித்ததையும்தான் சொல்கிறேன்.

வேலைக்காகக் கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் இருந்தபோது, வடக்கே தமாட்போய் கிராமத்துக்குப் போனேன். விடியும் முன்பே சருகுக் காட்டுக்குள் நடந்து, ஒரு குட்டையோரம் உட்கார்ந்தோம். அங்கே வந்தது ராட்சத அரிவாள் மூக்கன். ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம், மொட்டைத் தலை, பிடரியில் கறுப்புக் கோடுகள், சிவந்த கண். அலகை அடிவரை சேற்றில் இறக்கி ஒரு தவளையை இழுத்தது. கூட வந்த கம்போடியத் தம்பி என் காதருகே “த்ரயோங் யெக்” என்றார். யெக் என்பது நம் யட்சன்தான்! அறிவியல் பெயர் தாமாட்டிபிஸ் ஜைஜான்டியா. கிரேக்கத்தில் தாமா என்றால் வியப்பு, ஜைஜான்டியா என்றால் பூதாகரமானது. 1877இல் பூதம் என்று பெயர் வைத்த பிரெஞ்சுக்காரர் ஊஸ்தலேவுக்கும் அந்தத் தம்பிக்கும் தோன்றியது ஒன்றேதான். உலகத்தில் சில நூறுதான் மிச்சம் என்பதை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

அன்று மாலையே வெள்ளைத்தோள் அரிவாள் மூக்கனையும் பார்த்தேன். அந்த வெள்ளைத் திட்டு சிறகை விரித்தால்தான் பளிச்சென்று தெரியும். அதன் பெயர் ஸ்யூடிபிஸ் டேவிசோனி. ஸ்யூடோ என்றால் பொய், அதாவது பொய் ஐபிஸ். டேவிசன், காங்கிரஸை உருவாக்கிய அதே ஹியூமுக்காகப் பறவை சேகரித்தவர். நம் நீலகிரிப் பறவைகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ஹியூம் 1875இல் அவர் பெயரை இதற்குச் சூட்டினார். டேவிசனின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். ஆனால் அந்தப் பெயரில் பறவையைப் பற்றி ஒன்றுமே இல்லையே!

அப்புறம் இன்னொரு அரிவாள் மூக்கன், பிளெகாடிஸ் ஃபால்சினெல்லஸ். அங்கேயும் உண்டு, நம் ஊர் ஏரிகளுக்கும் வரும். முதல் சொல் கிரேக்கம், இரண்டாவது லத்தீன். இரண்டுமே அரிவாளைத்தான் சொல்கின்றன. நான் வேடந்தாங்கல் பக்கத்துக்காரன். என் பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை, இந்தப் பறவைகளையெல்லாம் அரிவாள் மூக்கன் என்றுதான் சொல்வார். இதைப் படித்த அன்று எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

ஒரு ஆதங்கமும் உண்டு. கம்போடியாவில் எடுத்த படத்தை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். பெயர், ஊர் எல்லாம் தெளிவாக எழுதியிருந்தேன். “அபூர்வ நாரை” என்று போட்டார்கள். இரண்டு முறை கடிதம் எழுதியும் திருத்தம் வரவில்லை.