போர் தண்ணீரில் மஞ்சள் படிகிறது, குடிக்கலாமா?

கேள்வி: நெய்வேலி பக்கத்துக் கிராமம் எங்களுடையது. சுரங்க மண்மேட்டிலிருந்து வரும் ஓடை எங்கள் வயலை ஒட்டிப் போகிறது. சில மாதங்களாகப் போர் தண்ணீரில் மஞ்சள் படிகிறது. காய்ச்சிக் குடிக்கலாமா? ஆர்.ஓ. போட்டால் போதுமா?

பதில்: காய்ச்சினால் கிருமி சாகும், உலோகம் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

முதலில் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, பிறகு செம்மஞ்சளானால் அது கரைந்திருந்த இரும்பு. பிடிக்கும்போதே கலங்கலாக இருந்தால் மண் இறங்குகிறதா, போர் குழாய் உடைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரும்பு இருப்பதாலேயே சுரங்கத்தின் மீது பழி போட முடியாது. உங்கள் பகுதி மணற்கல்லில் அது இயல்பாகவே உண்டு. ஆனால் பழுப்பு நிலக்கரியோடு வெளியே வரும் இரும்பு சல்பைடு, காற்றும் மழைநீரும் பட்டால் கந்தக அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் மண்ணிலுள்ள மற்ற உலோகங்களையும் கரைத்து இழுத்து வரும். பி.எச். (குறையக் குறைய அமிலம் அதிகம்) 6.5-க்குக் கீழேயும், அந்த அமிலத்திலிருந்து வரும் சல்பேட் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேலேயும் சேர்ந்து வந்தால் சுரங்கத்தின் மீதான சந்தேகம் வலுக்கிறது.

என் கவலை இந்த மஞ்சளைப் பற்றியதைவிட நிறமே காட்டாத பாதரசத்தைப் பற்றியது. நிலக்கரியிலும் அதை எரித்த சாம்பலிலும் அது இருக்கும். குடிநீரில் இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம்தான். ஆர்.ஓ. விற்க வருபவர் கொண்டு வரும் டி.டி.எஸ். மீட்டர் (கரைந்த உப்புகளின் மொத்த அளவை மட்டும் காட்டுவது) இதைக் காட்டவே காட்டாது.

எனவே பாதரசம், ஆர்சனிக், ஈயம் பார்ப்பார்களா என்று ஆய்வகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். உலோகச் சோதனைக்கு அமிலம் விட்ட தனிப் பாட்டில் தருவார்கள், அதைக் கழுவிவிடாதீர்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, தொட்டியில் ஏறும் முன்பே பிடியுங்கள்.

ஆர்.ஓ. பெரும்பாலான உலோகங்களைக் குறைக்கும். ஆனால் இரும்பு வடிகட்டி முன்னால் இல்லாவிட்டால் அதன் சவ்வு சீக்கிரம் அடைத்துவிடும். கழிவு நீரைக் கீரைப் பாத்தியில் விடாதீர்கள். முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் பிடியுங்கள். குளிக்க, துவைக்க இதுவே போதும், அரிப்பு இல்லாவிட்டால்.

நீங்கள் கேட்காத ஒன்று: ஓடை போய்ச் சேரும் குட்டையில் மீன் பிடிக்கிறீர்களா? பாதரசம் தண்ணீரில் இருப்பதைவிடப் பல மடங்கு மீனில் சேரும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இப்போதைக்கு அந்த மீன் வேண்டாம்.